தேதி மாறிய கண் முகாம்

எங்கள் சேவைச் சங்கத்தில் நான் செயலாளர். பெயர்தான் பெரிசு, பூமாலைக்குச் சொல்லி வைப்பதும் மைக் பிடிப்பதும்தான் வேலை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன், விஜயராஜ் என்றால் தெரியும். மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களுக்குக் கண் முகாம் வைக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவனும் நானே. அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முகாம் என்று அவர்கள் ஊரான சிலமலையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். காய் பறிக்கப் போகும் பொன்னுமணி மட்டும் இரண்டு தரம் கேட்டாள். விளைந்த காயும் பிஞ்சும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு தடவ பிஞ்சப் பறிச்சா மலைக்கே வராதன்னு கங்காணி சொல்லிட்டாருண்ணே."

"கண்ணாடி போட்டாச் சரியாப் போகும். வெரசா வந்துரு," என்றேன்.

திங்கள் சாயங்காலம் தலைவர் முத்துக்கிருஷ்ணன் போன் செய்தார். சங்கத்தின் மாவட்டப் பெரியவர் வியாழக்கிழமைதான் வருகிறாராம். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமா? தேதியை மாற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். அந்தக் குழுவில் இருக்கும் முப்பது பேரும் கடைக்காரர்கள், சிலமலைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

செவ்வாயன்று முகாம் மண்டபத்தின் பூட்டிய வாசலில் பொன்னுமணி மத்தியானம் வரை காத்திருந்தாளாம். வியாழக்கிழமை மறுபடி வந்தாள். கண்ணாடி கிடைத்தது. பெரியவரோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் மெல்லச் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் பொறுப்பார்களாம். இரண்டாவது நாளும் நின்றால் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் அவள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஏலக்காய் விற்றே தலை நரைத்த எனக்கு இந்த வழக்கம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

"தப்பு எங்க மேல கன்னையா. இவள ஏத்திக்கப்பா," என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"நீங்க தேதிய மாத்துனீங்க, நான் ஆள மாத்துனேன். ஏத்துனவள இப்ப இறக்கிவிடச் சொல்றீங்களாண்ணே?"

அவன் கேட்டதில் என்ன தப்பு? பொன்னுமணி புதுக் கண்ணாடியோடு, சோற்று வாளியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியாக ஒரு அம்மா ஏற வந்தாள். படி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் காலைத் தூக்கி வைத்தாள்.

"ஆத்தா, ஞாயித்துக்கிழம உங்க ஊருக்கே டாக்டரக் கூட்டிட்டு வர்றேன். சோலியும் கெடாது. கண்ணக் காட்டுங்க," என்றேன்.

அவள் பொன்னுமணி நின்ற பக்கம் திரும்பினாள். பிறகு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுய்யா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."