உலிங் அன்று என்ன உடுத்தியிருந்தாள்

1

இது ஒரு மறுப்புக் கடிதமாகத் தொடங்கியது. தொலைக்காட்சிக்காரர்கள் என் உலிங்கை மறுபடியும் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவள் எப்படிப்பட்டவள், என்ன உடுத்துவாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என உட்கார்ந்தேன். எங்கள் ஊரான மலோலோஸில் எங்கள் குடும்பத்தை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அது அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும் என்றுதான் நினைத்தேன். எங்கேயோ கை தவறிக் கதையாகிவிட்டது.

முதல் வரி: "உலிங் கறுப்பு உடுத்தியவள். பண்ணையாரின் ஆட்கள் அவள் கணவனைக் கொன்ற நாள் முதல்—"

இதற்கு மேல் போகவில்லை. இன்னொரு முறை: "அவளை நல்லவள் என்று சொல்ல—"

இதுவும் வேண்டாம்.

2

உலிங் என்றால் எங்கள் மொழியில் கரி. வாராவாரம் வந்த படக்கதைக்காக நான் உண்டாக்கிய பெண். கையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. பண்ணையார்களின் நெற்கிடங்குகளைக் கொளுத்துவாள். குறுக்கே வந்தவன் காவலாளியா கயவனா என்று விசாரிக்க மாட்டாள், சூடு வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில், துக்கக் கறுப்பில், கணவனை நினைத்து அழுவாள். [தாளும் மட்டம், மையும் மட்டம். படித்து முடித்தவர் விரல்களெல்லாம் கறுத்துவிடும். அதுவே பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.]

பிறகு சினிமா எடுத்தார்கள். அதில் அவள் சிவப்பு உடுத்தினாள், தொடைவரை கிழித்து விட்ட பாவாடை. இஸ்திரிப் பெட்டி போய்த் துப்பாக்கி வந்தது. காதலனுக்காகத் திருடினாள், அவன் ஏமாற்றியதும் அழுதாள். அதற்கும் பின்னால் தொலைக்காட்சித் தொடர். அதில் வெள்ளை உடை, முதுகில் சிறகுகள். கெட்டவர்களை மன்னித்துக் கண்ணீர் விட்டாள். முறையிடப் போனேன். காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ஆக மூன்று பெண்கள். மூவருக்கும் கீழே என் பெயர்: எலூதெரியோ மங்குலபன். எவள் மற்ற இருவரின் அசல் என்று கேட்டால் நேற்றுவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

3

உலிங்கின் அச்சு என் தங்கை சலூத்.

அவள் கணவன் அனஸ்தாசியோ கை நீட்டுகிறவன். ஒரு நாள் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோதும் நீட்டினான். பெட்டியை எடுத்து அவன் மார்பில் வைத்தாள். அன்று மாலை போனவன் திரும்பவில்லை. தெற்கே தொலைவில், தாவாவோவில் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. அப்பா இல்லாத வீட்டில் நான் மூத்தவன். படகு கவிழ்ந்து கடலில் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னேன். தங்கைக்குக் கறுப்புத் துணி வாங்கி வந்தேன். எங்கள் குடும்பக் கல்லறை வரிசையில் அவன் பெயர் பொறித்து ஒரு மாடம் கட்டினேன். நவம்பர்தோறும் கல்லறைத் திருநாளன்று சலூத் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

[இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தலைமகன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.]

4

நேற்றுக் காலை த்ரிக்ஸி வந்தாள். புதிய தொடரை எழுதுகிற பெண். மூன்று உடைகளையும் வரைந்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். எதிரே சலூத் காப்பியும், அரிசி மாவில் அவித்த புத்தோவுமாக உட்கார்ந்திருந்தாள்.

"இதுல எதுங்க ஐயா ஒரிஜினல்?"

"கறுப்பு" என்றேன்.

"கறுப்பா?" என்றாள் சலூத், வாய் நிறைய. "ஏண்ணே, துணி தேய்க்கிறவ எதுக்கு எழவுக் கறுப்புல நிக்கப் போறா? அந்த ஆளுதான் குத்துக்கல்லாட்டம் எதிரே உசுரோட நின்னானே!"

த்ரிக்ஸியின் பேனா நின்றுவிட்டது.

"கதையையும் நெசத்தையும் சேத்து உளர்றா. வயசாச்சு" என்றேன்.

"உனக்கு மட்டும் ஆகலையாக்கும்? உன் பல்லு தம்ளர்ல இல்ல கெடக்குது!"

த்ரிக்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்ப என்ன உடுத்தியிருந்தீங்கம்மா?"

"பூப்போட்ட கவுன். மாவு மூட்டைத் துணியில தைச்சது." கொஞ்சம் யோசித்தாள். "இல்லல்ல. செவப்பு. செவப்புதான்."

"செவப்பு சினிமாவுல வந்ததுடி!"

"அப்படியா சொல்றே? அதை எத்தனையோ வாட்டி பாத்தேன். எதைப் பாத்தேன், எதை உடுத்துனேன்னு எல்லாம் கலந்துபோச்சு, போ."

அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று நான் சொல்லியிருக்கலாம். கருகிய வாடை வந்ததும் அறைக்குள் முதலில் ஓடியவன் நான்தான். ஆனால் கண்ணை மூடினால் சலூத் கறுப்பில் நிற்கிறாள். அந்தக் கறுப்பை அதற்கு மறுவாரம்தான் கடையில் வாங்கினேன். அப்படியானால் நான் பார்ப்பது யாரை? என் தங்கையையா, நான் எழுதியவளையா?

"துணி கெடக்கட்டும்" என்றாள் சலூத். "ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியும். நான் அழல. நீ வாராவாரம் அழ வச்சே. செவப்புக்காரியும் அழுதா, றெக்கைக்காரியும் அழுதா. எனக்கு எம்பது தாண்டிருச்சுண்ணே. சூடு வச்சவ ஒரு தடவையாச்சும் அழாம நிக்கட்டும். அவன் ஓடட்டும். அதைப் பாத்துட்டுப் போறேன்."

"கல்லறையப் பத்தி ஊரு கேக்குமே?"

"கேக்கட்டும். காலிப் பொந்துக்கு முட்டி போட்டே என் முட்டி தேஞ்சுபோச்சு."

த்ரிக்ஸி படங்களை மெல்ல அடுக்கினாள். "உங்க கையெழுத்து இல்லாம நான் எதையும் மாத்த முடியாதுங்க ஐயா. திங்கக்கிழமை வரேன்."

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கையெழுத்துப் போட மறுக்கிறேன். உலிங் கறுப்பில் அழுகிறாள். குடும்பம் தலை நிமிர்ந்து நிற்கிறது. சலூத் மெழுகுவத்தியுடன்—

இன்னொன்று: போடுகிறேன். தொடர் வந்த மறுநாள் ஊரே எங்கள் மாடத்தை எட்டிப் பார்க்கிறது. என் தகப்பனாரின் பெயருக்குப் பக்கத்தில் நான் பொறித்த அந்தப் பெயர். சலூத் பூப்போட்ட, அல்லது சிவப்பு, அல்லது

முடியவில்லை. உடையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிகிறது.

பிழை பார்க்க முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் பகுதியில் நின்றுவிட்டேன். உடையைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தவனை அதை எழுதச் சொன்னது யார்? அந்தத் தாளைத் தனியே எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் சலூத் மேசையில் சொன்னதெல்லாம் ஒரு கிழவியின் உளறல், அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது. தாள் எங்கே இருக்கிறதென்று அவளுக்கும் தெரியும். இப்போதுகூடக் கதவருகே வந்து, என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தப் பகுதி உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை மற்றத் தாள்களோடு சேர்த்தது என் கையா, அவள் கையா? நான் சொல்லப் போவதில்லை. எங்கள் இருவரையும் இப்போது உங்களுக்குத் தெரியும். நீங்களே முடிவு செய்யுங்கள்.