இரும்பு நாற்காலி

நனைத்த பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் முதல் நாற்காலி விரியும் சத்தம் கேட்டது. மகளின் கை அப்படியே நின்றது. இன்னொன்று விரிந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஊர்ப் பொதுக்கூடத்து நாற்காலிகள்தான். வேறு எந்த நாற்காலியும் இப்படிக் கிறீச்சிட்டுக்கொண்டு விரியாது.

அப்பா கண்ணைத் திறந்தார்.

அந்தக் கூடத்தை முப்பத்தோரு வருஷம் பார்த்துக்கொண்டவர். செவ்வாய்க்கிழமை தையல் வகுப்பு, சனிக்கிழமை கேரம், நடுவில் ஊர்க்கூட்டம் என்ற பெயரில் நடக்கும் சண்டை, எல்லாவற்றுக்கும் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, பூட்டுகிறவர். ஊரில் அவருக்குப் பேரே 'நாற்காலி'தான். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "ரெண்டு காலுதான் கொறையுது" என்பார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, சாவு வீட்டுக்கு இரும்பு. அங்கே பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், சாய்ந்து சாய்ந்து அழுவார்கள், பிளாஸ்டிக் தாங்காது. அந்த வீட்டுக்காரர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்கவும் கூடாது. சேதி காதில் விழுந்ததும் அனுப்பிவிட வேண்டும்.

மருத்துவர் மூன்று நாளைக்கு முன்பே கையை விரித்துவிட்டார். மகள் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம கூடத்தத் தெறக்க நீங்கதான் போகப்போறீங்க" என்று வாய் கூசாமல் சொல்லி வைத்திருந்தாள். கடைசிவரை அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. சாமியிடம் வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

வாசலுக்கு ஓடினாள். இருபது நாற்காலிக்கு மேல் போட்டாகிவிட்டது. கூடத்துச் செயலாளர் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"எப்பம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சு? அப்பா முழிச்சுக்கிட்டு இருக்காரு!"

செயலாளர் ஓரடி பின்வாங்கினார். "ஆக்சிஜன் சிலிண்டர வெளிய தூக்கிட்டுப் போனாங்களேம்மா... எதிர்வீட்டம்மா பாத்துட்டு ஓடி வந்து சொன்னாங்க..."

"அது காலி. மாத்தறதுக்கு எடுத்துட்டுப் போனாங்க. உள்ள வேற ஒண்ணு ஓடிட்டு இருக்கு."

கேரம் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, வேடிக்கை பார்த்தவர்களை எழுப்பி, அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளையே தூக்கி வந்திருக்கிறார்கள். ஒருவர் சட்டைப்பையில் ஸ்ட்ரைக்கர் துருத்திக்கொண்டிருந்தது. அவர்கள்மேல் கோபப்படப் பார்த்தாள். வரவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்ததை ஒரு குறையும் இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

"இப்பவே எடுத்துடறோம்மா" என்று செயலாளர் ஒன்றை மடக்கினார். விரித்த சத்தத்தைவிட மடக்குகிற சத்தம் பெரிதாக இருந்தது.

"ஐயோ, விட்ருங்க! தொடாதீங்க!"

போட்டாலும் சத்தம், எடுத்தாலும் சத்தம். வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அதுவும் உள்ளே கேட்கும். திரும்பி வந்தாள்.

"வாசல்ல என்ன?" அப்பாவின் குரல் நூலாக வந்தது.

"எதிர்வீட்டுல விசேஷம்ப்பா. பேத்திக்குப் பொறந்தநாளாம். எடம் பத்தலன்னு நம்ம வாசல்லயும் போடறாங்க."

"இரும்பு" என்றார்.

"பிளாஸ்டிக் எல்லாம் வேற எங்கயோ போயிருக்காம்."

அவள் சொன்ன பொய்களிலேயே உருப்படாத பொய் அதுதான். எந்த நாற்காலி எந்த வீட்டுக்குப் போகும் என்று சட்டம் போட்டவரிடமே சொல்கிறாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"நிக்க வெக்காத. உக்காரச் சொல்லு." மூச்சு வாங்கியது. "நானும் போயிருக்கணும். ஒடம்புக்கு முடியல, வர முடியலன்னு சொல்லிட்டு வா."

"யாருகிட்டப்பா?"

"பொறந்தநாள் வீட்டுலதான்."

அவள் போனாள். எதிர்வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. செயலாளரிடமே சொன்னாள். "அப்பாவால வர முடியலயாம். உங்களையெல்லாம் உக்காரச் சொன்னாரு."

அவர் என்னவோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பரவால்லன்னு சொல்லும்மா" என்றார். "பரவால்லன்னு சொல்லு."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இரும்பு சத்தம் போடாமலிருக்க நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

அவள் உள்ளே வந்தபோது சிலிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை.

"சொல்லிட்டேம்ப்பா" என்றாள். "பரவால்லன்னாங்க."