சூடு ஆறாத கட்டில்

இஸ்திரிக்காரரின் இடது கால் பெருவிரல் நகம் ஒரு வியாழக்கிழமை காலையில் மீன்காரருடைய நகமாக இருந்தது. முந்தின நாள் வரை அது ஒழுங்காக வெட்டிய, வெளிறிய, யாரும் குறை சொல்ல முடியாத நகம். அதன் இடத்தில் இப்போது மஞ்சள் பூத்து, மாட்டுக் கொம்பு போலத் தடித்து, ஓரங்களில் கறுப்பு ஏறிய ஒன்று உட்கார்ந்திருந்தது. யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடமாக மாலை ஆறரை மணிக்கு மீன்காரர் செருப்பு மாட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்தான்.

அந்த வெளிநாட்டு நகரத்தில் ஒரு கட்டிலை இரண்டு பேர் வாடகைக்கு எடுப்பது பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொள்வது போலச் சாதாரண விஷயம். அந்த அறையில் நான்கு கட்டில்கள், எட்டு ஆட்கள். நான்கு பேருக்குப் பகல் வேலை, நான்கு பேருக்கு இரவு வேலை. ஒருவர் எழுந்து போன கையோடு அடுத்தவர் வந்து விழுவார். அதனால் எந்த மெத்தையும் சூடு ஆறியதே கிடையாது. இஸ்திரிக்காரருக்குப் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் பிடித்து மடிப்பார். துவைத்த பிறகும் போகாத கறையைப் பார்த்தே எந்த மாடியில் யாருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, யார் படுக்கையிலேயே சாப்பிட்டார்கள், யார் எழுந்து போகச் சோம்பல்பட்டார்கள் என்று சொல்லிவிடுவார். பளிங்குத் தரையும் வாசனைத் தெளிப்பும் அவரை ஏமாற்றியதில்லை. மனிதர்கள் எல்லோரும் கசிகிறவர்கள் என்பது அவருடைய முடிவு.

அப்படிப்பட்டவர் குடியிருந்த அறையில் எட்டு பல்துலக்கிகள் ஒரே பிளாஸ்டிக் குவளையில் ஒன்றின் வாயில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். குளியலறைச் சாக்கடை வாயில் முடிக்கற்றை செத்த எலியைப் போல நனைந்து கிடக்கும். சோப்பில் ஒட்டியிருக்கும் ரோமம் உடம்பின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது நீளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்குப் படிந்து, அதில் சிக்கிய கரப்பான்கள் அப்படியே காய்ந்திருந்தன. இஸ்திரிக்காரர் தன் பல்துலக்கியைச் சட்டைப் பையில் வேலைக்கே எடுத்துப் போனார். சொந்தமாக ஒரு விரிப்பும் தலையணை உறையும் வைத்திருந்தார். காலையில் உருவிப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார். ஆனாலும் மாலையில் தலையணையைத் தூக்கினால் மீன்காரரின் எச்சில் வட்டம் ஈரமாக இருக்கும். மெத்தை மடிப்பில் மீன் செதில்கள் சில்லறைக் காசு போல மின்னும். மீன்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நகரத்தின் மறுகோடியில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவு முழுக்க மீன் அறுக்கிறவர். எதிலும் குறை காணாத மனிதர், அதுவே இஸ்திரிக்காரருக்கு எரிச்சல்.

அன்று மாலை வாசலில் வைத்து இஸ்திரிக்காரர் காலை நீட்டினார்.

"அண்ணே, இது உங்க நகம்தானே?"

மீன்காரர் குனிந்து பார்த்தார். பிறகு தன் இடது காலைப் பார்த்தார். "ஆமா தம்பி. எனக்கும் காலைல ஏதோ பளபளன்னு தெரிஞ்சுது. ஒன்னோடதா அது? நல்லா வெச்சிருக்கியே!"

"இப்ப என்னண்ணே பண்றது?"

"என்னத்தப் பண்றது? பஸ்ஸு போயிடும், வரட்டா?"

அதன் பிறகு ஒரு வருடத்துக்குள் பாதங்கள் இரண்டும் கைமாறின. களிமண் நிலம் போல வெடித்த குதிகால்கள் இஸ்திரிக்காரருக்கு வந்தன. அப்புறம் ஒரு முழங்கால் வலி, சளியோடு ஒரு இருமல், கடைசியில் கத்திக் கீறல்கள் ஓடிய, எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாத இரண்டு கைகள். அவருடைய மெத்தென்ற கைகளும், வலது காதுக்குக் கீழிருந்த மச்சமும் மீன்காரருக்குப் போய்விட்டன. இஸ்திரிக்காரர் கிளினிக்குக்குப் போனார். மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமலே சத்துக்குறைவு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். இஸ்திரிக்காரர் மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பார்த்தார். வியர்வை குட்டையாகத் தேங்கியதுதான் மிச்சம். தரையில் படுக்கிறேன் என்று அறையை நடத்திய மேஸ்திரியிடம் கெஞ்சினார். "தரையில நீ படுத்தா மத்தவன் எங்க நடப்பான்? ஒன் மேலயா?" என்று மேஸ்திரி கேட்டார்.

எல்லாவற்றையும்விட அவரை நிலைகுலைய வைத்தது வயிறு மாறியதுதான். ஒரு நாள் காலை பக்கத்துக் கட்டில்காரர் மிச்சம் வைத்த தட்டு தரையில் கிடந்தது. எண்ணெய் உறைந்த குழம்பு, கடித்துப் போட்ட ரொட்டி, ஓரத்தில் எறும்பு. அடுத்த நிமிடம் அதை வழித்துத் தின்றுகொண்டிருந்தது தானேதான் என்று இஸ்திரிக்காரர் கண்டுகொண்டார். சீ என்ற குமட்டல் தலைக்குள் வந்தது, வயிற்றுக்குள் வரவில்லை. வயிறு திருப்தியாக ஏப்பம் விட்டது. அதே வாரம் மீன்காரர் முப்பது வருடத் தொழிலில் முதல் முறையாகக் குடல் கூடையைப் பார்த்து வாந்தி எடுத்தார்.

சலவைப் பிரிவு வாசலில் வருகைப் பதிவு இயந்திரம் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். ஒரு திங்கட்கிழமை அது சிவப்பாக எரிந்தது. மூன்று நாள் அவர் உருளைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தும் வரவில்லை என்றே பதிவானது. மேற்பார்வையாளரிடம் முறையிட்டபோது, இயந்திரம் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்று பதில் வந்தது. மறுகோடிக் கிடங்கில் மீன்காரருக்கும் அதே சிவப்பு. கடைசியில் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்ட பத்து நிமிடத்தில், அவரவர் விரல் எங்கே செல்லுமோ அங்கே போவது என்று முடிவானது. இரண்டு இடத்திலும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே கேட்பதற்கு.

இப்படியாக, தும்மலுக்கே மூன்று முறை கை கழுவிய மனிதர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு பனிக்கட்டித் தண்ணீரில் நின்று மீன் வயிற்றைக் கிழித்தார். கைகள் அவரைக் கேட்காமலே வேலை செய்தன. விரல் உள்ளே போகும், வளையும், பித்தப்பை உடையாமல் குடலைக் கொத்தாக இழுத்துக்கொண்டு வெளியே வரும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் காது கேட்கும்: சளக், சளக். காதுக்குள் செதில் காய்ந்து உதிரும். தன்னைத் தானே தொட அருவருத்து, முதுகு அரித்தால் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டார். அங்கே சலவைப் பிரிவில் மீன்காரர் மடித்த விரிப்புகளைப் பார்த்து மேலாளர்கள் அசந்துபோனார்கள். எட்டு மாதத்தில் பிரிவுத் தலைவர் ஆக்கி நீலக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டில் குத்தியிருந்த பட்டையில் இஸ்திரிக்காரரின் பெயர் இருந்தது.

"எல்லாம் ஒன் கை செய்யறதுதான் தம்பி. நான் சும்மா கூடப் போயிட்டு வர்றேன்" என்று மீன்காரர் கூச்சத்தோடு சொன்னார். தன் சொந்தக் கையைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவது எப்படி என்று இஸ்திரிக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு அவர் இதில் எதையும் சொல்லவில்லை. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். "ஏங்க எப்பவும் மூஞ்சிய மட்டும் காட்டறீங்க? பாஸ்போர்ட் போட்டோகிட்ட பேசற மாதிரி இருக்கு" என்பாள். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, கையக் காட்டு" என்பாள். அவர் கிளம்பும்போது அவளுக்கு இரண்டு வயது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி அவர் போனை வைத்துவிடுவார்.

நான்கு வருடம் முடிந்து இரண்டு மாத விடுப்பு வந்தது. விமான நிலையத்திலும் கட்டைவிரல் வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீன்காரர் பதினோரு வருடமாக ஊருக்கே போகாதவர்; கிடங்கில் அவர் பெயரில் விடுப்பு சேர்ந்து கிடந்தது. அவர் மனைவி போனை எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். "எனக்கு அங்க யாரு காத்துட்டு இருக்கா? ஒன்கூடவே வர்றேன், வெரலுக்காகவாவது" என்றார். அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளையும் இரண்டு முகங்களையும் நான்கு கட்டைவிரல்களையும், செருப்பில் எதையோ மிதித்துவிட்டவரைப் போலப் பார்த்தார். இருவரையும் ஒட்டி நிற்கச் சொல்லி, ஒரே சமயத்தில் விரல் வைக்க வைத்து, இரண்டிலும் முத்திரை குத்தினார். இனி தனித்தனியாக வரக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார்.

ஊர் விமான நிலையத்தின் தடுப்புக் கம்பியைத் தாண்டி மகள் ஓடி வந்தாள். இஸ்திரிக்காரர் குனிந்து கைகளை விரித்தார். குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள், அவரைச் சுற்றிக்கொண்டு போய் மீன்காரரின் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். மீன்காரர் அசையாமல் நின்றார். விரித்த கைகளை இஸ்திரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் பைகளைத் தூக்கப் பயன்படுத்தினார்.

வீட்டில் மனைவி இருவருக்கும் டீ கொடுத்தாள். மீன்காரர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார், டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார், உதட்டின் இடது ஓரத்தைச் சுளித்தார். "சோப்பு வாசன வருதும்மா. தப்பா நெனச்சுக்காதம்மா, இந்த வயிறு என்னோடது இல்ல." அந்தச் சுளிப்பைக் கல்யாணமான முதல் நாளிலிருந்து புருஷன் முகத்தில் பார்த்தவள் அவள். திரும்பிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் குழந்தை மிச்சம் வைத்த நனைந்த பிஸ்கட்டைத் தட்டிலிருந்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்லி முடிக்க மதியமானது.

மறுநாள் காலை அவரைக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். வாளியில் வெந்நீர், கால் தேய்க்கும் கல், கடையிலிருந்து கொண்டுவந்த களிம்பு. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தக் குதிகாலைத் தூக்கினாள். ஊறிய தோல் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக வந்தது.

"இது யாரு காலு?"

"அவரு காலு."

"அவரு பொண்டாட்டி பாத்திருக்காங்களா இத?"

"பதினோரு வருஷமா இல்ல."

அவள் கல்லைத் திருப்பிப் பிடித்துக் குதிகால் வெடிப்பில் அழுத்தினாள்.

"எனக்கு வயித்தப் பொரட்டுது" என்றாள்.

"விடு. நானே தேச்சுக்கறேன்."

"எந்தக் கையால? அந்தக் கையையும் நான்தான் தேய்க்கணும். சும்மா உக்காருங்க."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஆனால் கையை எடுக்காமல், தேய்த்தாள். முன்னறையில் உட்கார்ந்திருந்த மீன்காரர் சட்டென்று இரண்டு கால்களையும் நாற்காலிக்கு மேல் இழுத்துக்கொண்டு சிரித்தார். கூச்சம் தாங்காமல் மறுபடி மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மகள் வந்து பார்த்தபோது அவர் நீலக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, யாரோ காலைத் தொடுகிறார்கள் என்றார். அதற்குப் பிறகு குழாயடியில் வாரம் இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. மனைவிக்குக் குமட்டல் கடைசி வரை போகவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் சாப்பிட்டுவிட்டே கல்லை எடுப்பாள்.

விடுப்பு முடிய நான்கு நாள் இருக்கையில் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து மதிப்பெண் அட்டை கொண்டுவந்தாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இஸ்திரிக்காரர் பேனாவைப் பிடித்துப் பார்த்தார்; கத்தியைப் பிடித்த விரல்கள் அட்டையைக் கிழிக்கப் பார்த்தன. அவர் பேனாவை மீன்காரரிடம் நீட்டினார். மீன்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அதுபாட்டுக்குப் போகுது தம்பி" என்று அவர் வியந்துகொண்டிருக்கும்போதே கை, இஸ்திரிக்காரரின் கையெழுத்தைச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்து முடித்தது.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க மிஸ்."

"எப்ப கெளம்பறாங்க?"

"ஞாயித்துக்கெழம. ரெண்டு பேரும் போறாங்க."

அடுத்த முறை வரும்போது இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வரும்படி ஆசிரியை சொன்னார். பிறகு அடுத்த பிள்ளையின் அட்டையை எடுத்தார்.