யாரும் கேட்காத சட்டை

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரின் இடுப்பு மறுபடியும் பெருத்துவிட்டது. பேன்டைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தவர், தையல்காரி டேப்பை எடுப்பதற்குள் பேச்சை ஆரம்பித்துவிட்டார். மகள் ஏதோ பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடரை டிவியில் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். முப்பது வருஷத்துக்கு முந்தையது. ஒரு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வேறு வேலைதான் என்ன இருக்கிறது மனுஷனுக்கு.

இரண்டு வருஷமாக அவருக்கு அவள்தான் தைக்கிறாள். முதல் நாள் படியேறும்போதே அவள் ஆளைக் கண்டுகொண்டாள். அவருக்கு அவள் வெறும் தையல்காரி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், வாய்க்காலில் பிணமாகக் கிடந்த அவள் மகன் குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விஷயத்தை ஊற்றி மூடியவர் இவர்தான். அவன் உடம்பில் இருந்தது அவள் தைத்த சட்டை இல்லை. பிறந்ததிலிருந்து அவன் வேறு கை தைத்த சட்டையைப் போட்டதே இல்லை. காலையில் நீலச் சட்டையோடு போனவனை, காலர் கோணிய, யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைச் சொல்லத்தான் மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் கிடையாய்க் கிடந்தாள். கான்ஸ்டபிளிடம் போனால், எதுவானாலும் ஐயாவிடம் சொல்லு என்றான். ஐயா அவளைத் தாண்டித்தான் ஜீப்பில் ஏறினார், இறங்கினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பாவி.

"அந்தத் தொடர் பாக்குற மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டாள். கையைத் தூக்கச் சொல்லி, டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். நடிப்பெல்லாம் பிரமாதம், ஆனால் ஆமை வேகம் என்றார். அதில் வரும் போலீஸ் அதிகாரி, முடிந்துபோன கேஸுக்காகச் செத்தவன் வீட்டுக்கு மூன்று தடவை போகிறானாம். அம்மாக்காரியோடு உட்கார்ந்து டீ குடிக்கிறானாம். பையன் கிளம்பும்போது என்ன போட்டிருந்தான் என்று கேட்கிறானாம். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். டேப் அவள் விரல்களுக்குள் ஏறி இறங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காதுல பூ சுத்துறான்மா. நெஜத்துல எவன் போய் அதையெல்லாம் கேப்பான்? நீ பாக்காத, டைம் வேஸ்ட்."

இத்தனை நாள் கட்டிக்காத்த வாய் அப்போது திறந்துகொண்டது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். எம்புள்ள நீலச் சட்டையிலதான் போனான். நீங்க குடுத்த வெள்ளச் சட்ட நான் தச்சது இல்ல. இன்னும் பெட்டியில வச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றது. தூக்கிய கைகளை இறக்க மறந்து, அவள் முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே நின்றார். மன்னிப்பையெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த முகத்தில் ஒரு திடுக்கிடல் வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"எந்தக் கேஸும்மா அது?" என்றார்.

அவள் டேப்பை உருவினாள். நோட்டைத் திறந்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.