எண்பத்தெட்டுப் படிகள்

மொட்டை மாடிக் கதவருகே நின்று, படிக்கட்டுகளுக்கு நடுவே தெரிந்த இடைவெளியில் தலையை நீட்டி, "ரைட்!" என்று கத்தினார் டைம் கீப்பர். கீழே, தரைத்தளத்தில் அவருடைய மனைவி முதல் படியில் கால் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. கட்டிடத்தில் பாதிப் பேர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்த பாதிப் பேர் ஏழு வாரமாக நடக்கும் இந்தக் கூத்துக்குப் பழகிப்போயிருந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டிடம். தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் எண்பத்தெட்டுப் படிகள். பனிமலை மேலே இருக்கிற கோயிலுக்கு அடிவாரத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் ஏறவேண்டும், போகப் போக மூச்சு முட்டும், இப்போதிருந்தே படியேறிப் பழகுங்கள் என்று யாத்திரை ஏற்பாடு செய்பவர் போனில் சொன்னதை டைம் கீப்பர் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஏறி வந்துவிட்ட அவருடைய அக்கா, வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்து மூன்று வயது. ஆளைப் பார்த்தால் இன்னும் ரெண்டு தலைமுறைப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் தெம்பு தெரியும்.

"ஒண்ணு அம்பது" என்றார் தம்பி, கையிலிருந்த வாட்சைப் பார்த்து. "போன வாரம் ரெண்டு நிமிஷம்."

"இதெல்லாம் ஒரு ஏற்றமாடா? பாசஞ்சர் கெளம்பிடுச்சா?"

பாசஞ்சர் என்பது மனைவிக்கு வீட்டில் வழங்கும் பேர். கல்யாணமான புதிதில் வெளியே கிளம்பச் சொன்னால் புடவை மடிப்புக்கு ஒரு நிறுத்தம், அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்க ஒரு நிறுத்தம், பூட்டை இழுத்துப் பார்க்க ஒரு நிறுத்தம் என்று எல்லா ஸ்டேஷனிலும் நின்று வருவாள். அவர்தான் அந்தப் பேரை வைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவளே போனை எடுத்து, "பாசஞ்சர்தான் பேசறேன் அண்ணி" என்று சொல்கிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

பாசஞ்சர் வந்து சேர நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட் ஆயிற்று. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்து, உதடு வெளிறியிருந்தது. டைம் கீப்பர் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு, "கொஞ்சம் மனசு வச்சு ஏறக்கூடாதா?" என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

டைம் கீப்பர் என்பது அவர் பார்க்கும் வேலை. நாளாவட்டத்தில் அதுவே பேராகவும் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் தகரக் கூண்டு ஒன்றில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவதும், நேரமாகியும் டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவர்களின் மானத்தை மைக்கில் வாங்குவதும் இருபத்தாறு வருஷமாக அவருக்குச் சோறு போடுகின்றன. ஒரு நாளும் ஒரு நிமிஷத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்பதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. அந்தப் பெருமை போக, வேலை அவருக்குக் கொடுத்தது முதுகுவலியும் காதில் ஓயாத ஹாரன் இரைச்சலும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கத் தெம்பு இருக்காது. 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டே முழுக் குடும்பத்தையும் நடத்திவிடலாம் என்று கண்டுபிடித்த மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் யாத்திரைக்குத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? பெரிய காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். மூன்று நாற்பதுக்கு எழுந்திருப்பது, நாலு பத்துக்கு நடக்கத் தொடங்குவது, ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏழு நிமிஷம் உட்காருவது. சுவாமி தரிசனத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார். "சுவாமிக்கே டைம் போட்டுட்டியேடா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் போகவேண்டும் என்ற ஆசை அவருடையது இல்லை, அக்காவுடையதும் இல்லை. அது மனைவியின் ஆசை. கல்யாணத்துக்கு முன்னாலேயே எதிலோ படம் பார்த்து மனதில் போட்டுக்கொண்டது. முதலில் குழந்தை சின்னது, பிறகு பள்ளிக்கூடம், பிறகு அவருக்கு லீவு இல்லை, பிறகு மகள் கல்யாணம். இந்த வருஷம்தான் எல்லாம் கூடிவந்தது. "அப்படி என்னத்த வேண்டிக்கப் போற?" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டிக்க ஒண்ணுமில்லீங்க. 'அது எங்க, இது எங்க'ன்னு யாரும் என்னை ஒண்ணும் கேக்காத இடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும். அவ்வளவுதான்." அன்றைக்கு அவர் நிஜமாகவே சிரித்தார். அந்த வாரமே டிக்கெட் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றம் முடிந்து கீழே வீட்டுக்கு வந்ததும், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெடிக்கல் ஷாப்காரரிடம் இரவல் வாங்கியது. யாத்திரைக்காரர்கள் அனுப்பிய உடல் தகுதிப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அளவை வீட்டிலேயே பார்த்து எழுதி, கீழே தெரிந்த டாக்டர் யாரிடமாவது கையெழுத்து வாங்கினால் போதும். செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பவேண்டும்.

அக்காவுக்குத் தொண்ணூற்றேழு. அவருக்குத் தொண்ணூற்றாறு. மனைவிக்குப் பால் பொங்கியது, பிறகு துணி ஊறிக்கொண்டிருந்தது, பிறகு கை ஈரமாக இருந்தது.

"ஒரு நிமிஷ வேலைக்கு இத்தனை ஸ்டாப்பிங்கா? வாம்மா இங்க" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்து மாட்டினாள். சிவப்பு எழுத்து ஓடி ஓடி எண்பத்தேழில் நின்றது. வேறு விரலில் மாட்டினார்கள். எண்பத்தேழு. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டினார்கள். எண்பத்தெட்டு, மறுபடியும் எண்பத்தேழு.

"மெஷின் கோளாறு" என்றாள் அக்கா. தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. அதற்கப்புறம் எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

மனைவி மெதுவாக மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "தொண்ணூத்தாறுன்னு போட்டுடுங்க."

"என்னது?"

"நம்ம தெருமுனை டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுருவாரு."

"அது எப்படி? இருக்கறதைத்தானே எழுதணும்?"

"இருபத்தாறு வருஷமா யாரு யாருக்கோ சரியா எழுதினீங்க. எனக்கு ஒரு தடவை தப்பா எழுதுங்க."

அவர் அவளையே பார்த்தார். மெஷின் காட்டியதில் அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசம் மெடிக்கல்ல பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு வருஷமா சொன்னேனே" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னேன். படுத்தா இருமல் வருதுன்னு சொன்னேன். நீங்க 'ம்'ன்னீங்க. டிக்கெட் போட்டப்புறம்தான் சொல்றதை நிறுத்தினேன். சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு."

திங்கட்கிழமை படிவம் அவருடைய சட்டைப் பையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பதினொரு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அதை ரிஜிஸ்டர்மேல் வைத்து, மனைவியின் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார். ஆறு எழுதவேண்டியதுதான் பாக்கி. அவளுக்கு என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது, குதிரை இருக்கிறது, ஆக்சிஜன் டப்பா விற்கிறார்களாம், இத்தனை வருஷத்தில் கேட்டது இது ஒன்றைத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, டிரைவர் ஒருவர் கூண்டு ஜன்னலில் டிரிப் ஷீட்டை நீட்டினார். பதினான்கு நிமிஷம் லேட்.

"டிராபிக்கா?"

"இல்ல சார். வண்டி இழுக்க மாட்டேங்குது."

அவர் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார். அதே வண்டி பத்து நாளாக நாலு நிமிஷம், ஆறு, ஒன்பது, பதினொன்று என்று தாமதித்துக்கொண்டே வந்திருந்தது. இது டிரைவர் குற்றம் இல்லை, எஞ்சின் குற்றம். தாமதம் ஒரே சீராக ஏறினால் வண்டியைத்தான் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கை தானாகவே ஒர்க்‌ஷாப்புக்குச் சீட்டு எழுதியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சீட்டோடு டிரைவர் போன பிறகு அவர் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்தார். ஏழு வாரம். அக்காவுடைய நேரம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. மனைவியுடையது ரெண்டு நிமிஷம் நாற்பதில் தொடங்கி, மூன்று, மூன்று பத்து, மூன்றரை என்று ஏறி நாலு பன்னிரண்டில் நின்றது. எல்லாம் அவர் கையெழுத்து. ஒரு பஸ்ஸுக்குப் பத்து நாளில் சீட்டு எழுதத் தெரிந்தவர் இவளுக்கு என்ன எழுதினார் என்று பார்த்தார். நாலு பன்னிரண்டுக்குப் பக்கத்தில், 'சோம்பல்' என்று எழுதியிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. கூண்டுக்குள் யாரோ தன்னைச் செருப்பால் அடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

மூன்று மணிக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தெருமுனை டாக்டரிடம் போகவில்லை. நாலு தெரு தள்ளி இருந்த இருதய டாக்டரிடம் கூட்டிப்போனார். சின்ன அறை. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் இதயம், அதன் மூடி சரியாக மூடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவளும் தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி இருந்தாள். மனைவியின் முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். கால் கணுவை அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

மனைவி கணவரைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா" என்று அவரே சொன்னார்.

"வால்வுல பிரச்சினை இருக்கும்னு தோணுது. ஸ்கேன் பண்ணாத்தான் உறுதியா சொல்ல முடியும். நாளைக்குக் காலைல வாங்க."

"மலைக்கு..." என்று மனைவி தொடங்கினாள்.

அவர் நீட்டிய படிவத்தை டாக்டர் வாங்கிப் பார்த்தாள். பாதியில் நின்ற ஒன்பதைப் பார்த்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள். "முதல்ல ஸ்கேன். மலை எங்கயும் போயிடாது."

திரும்பி நடக்கும்போது அவள் ஒருமுறை மின்கம்பத்தைப் பிடித்து நின்றாள், அவரும் நின்றார். கட்டிடத்துக்குள் நுழைந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபோது மணி ஐந்தரை இருக்கும். இத்தனை வருஷத்தில் அவளோடு சேர்ந்து இந்தப் படிகளில் ஏறியதே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. எப்போதும் அவர் முன்னால் போய்க் கதவைத் திறந்து வைப்பார். அதுவே பெரிய உபகாரம் என்று நினைத்திருந்தார்.

ஒரு படி. மூச்சு. ஒரு படி. முதல் மாடியில் கொஞ்சம் நின்று, சுவரில் கை ஊன்றி, மறுபடி ஏறினாள். மேலே ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியை அடைந்தபோது, அங்கே குடியிருக்கும் தையல்காரப் பெண் வாசலில் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி போய் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு லேட்டாயிடுச்சே அக்கா" என்றாள் தையல்காரப் பெண். பிறகுதான் பின்னால் வந்தவரைக் கவனித்தாள். "வாங்க சார். அக்கா முதல் மாடி திரும்பும்போதே எனக்குக் கேட்டுரும். மிஷினை நிறுத்திட்டு வந்துருவேன்."

"தினமும் உட்காருவாளா?"

"ஞாயித்துக்கிழமைகூடத்தான் சார். நீங்க மேலேருந்து ரைட்டுன்னு கத்துனதும் எழுந்திரிச்சு வந்து ஸ்டூலைப் போட்டுருவேன்." அதில் குத்தல் ஏதும் இல்லை. வீட்டு வேலை ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்.

உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆனால் நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, மனைவியின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். "இப்பக் குடுத்தா பொரையேறிடும்" என்றாள் அவரிடம், தாழ்ந்த குரலில்.

மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"பண்ணாதீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். 'ம்' என்று வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டார். மேல் மாடியிலிருந்து அக்காவின் குரல் இறங்கி வந்தது: "டேய், டாக்டர் என்னடா சொன்னாங்க? எங்கடா இருக்கீங்க?"

உள்ளே தையல்காரப் பெண்ணின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அவள் சட்டென்று டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மனைவியின் எதிரே படியில் உட்கார்ந்தார். அவளுடைய தோள் ஏறியது, இறங்கியது, ஏறியது. முன்னைவிட மெதுவாகிறதா, அப்படியேதான் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை கையை நீட்டப் பார்த்தார். பிறகு இழுத்துக்கொண்டார். எப்போது கொடுக்கவேண்டும் என்று தெரியாமல், அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.