இன்னொரு கரண்டி கத்தரிக்காய்

மாவு மில்காரர் வாயைத் திறந்து பேசிக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் மிகவும் குறைவு. ஊமையோ என்று சந்தேகப்படாதீர்கள், வாய் நன்றாகவே இருந்தது. தொழில் அப்படி. காலையில் மோட்டாரைப் போட்டால் பொழுது சாய்கிறவரை அந்தத் தகரக் கொட்டகைக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் ஏறாது. வாடிக்கையாளர் பையை நீட்டுவார். இவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவார், நைஸாக வேண்டுமா என்று. உள்ளங்கையைக் காட்டினால் காத்திரு. புறங்கையைக் காட்டினால் கிளம்பு. முழு வியாபாரமும் இதிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகாவது மனிதர் பேச வேண்டாமா? அங்கேயும் அதே கைதான். கூடுதலாக ஒரு ‘ம்’ உண்டு, அவ்வளவுதான்.

கடவுள் யோசித்துத்தான் ஜோடி சேர்ப்பார் போலிருக்கிறது. அவருக்கு வாய்த்த மனைவியைத் தெருவில் ‘ரேடியோ’ என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், கோபித்துக்கொள்வதென்றால் பேச்சை நிறுத்த வேண்டுமே. தூக்கத்திலும் நாலு வார்த்தை பேசுவாள் என்பது மில்காரர் மட்டும் அறிந்த ரகசியம்.

வீட்டில் எல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது. மகனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான். அவள் போய் அவரிடம் கேட்பாள். அவர் ‘ம்’ என்பார். அவள் திரும்பி வந்து, “அப்பா என்ன சொன்னாரு தெரியுமா” என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பதில் சொல்வாள். ஒரு ‘ம்’முக்குள் ஐந்து நிமிடப் பதில் எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள், படித்த மருமகள், எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதும், அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். திரும்பி வரவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் மின்விசிறியின் சத்தம்தான். மருமகள் தட்டை வைப்பாள், மில்காரர் ‘ம்’ என்பார், அவள் அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விடுவாள். மகன் வந்து நிற்பான், தொண்டையைச் செருமுவான், போய்விடுவான். மகனின் கடைக்குப் பக்கத்திலேயே வேறு வீடு பார்க்கலாம் என்று மகனும் மருமகளும் குசுகுசுத்தது அவர் காதில் விழுந்தது. மில் இரைச்சலில் அடிவாங்கிய காதுதான், ஆனால் வேண்டாதது மட்டும் தெளிவாக விழும். அவர்கள் போனால் பேத்தியும் போய்விடும். அப்புறம் அவரும் மின்விசிறியும்தான். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவருக்காகச் சொல்கிறவள்தான் இல்லையே.

இந்த லட்சணத்தில்தான் மகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள். அம்மாவின் பிடிவாதத்தை அப்படியே உரித்து வைத்திருப்பவள்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து அம்மாவப் பத்தி ஆளுக்கு நாலு வார்த்தை பேசறோம். கடைசியா நீங்க பேசணும்ப்பா.”

“ம்.”

“இந்த ம்மெல்லாம் செல்லாது. வாயத் திறந்து பேசணும்.”

மில்காரர் இரண்டு நாள் மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் யாருக்கும் கேட்காமல் ஒத்திகை பார்த்தார். கடைசியில் “நல்லவ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார். உண்மையாகவும் இருக்கும், சீக்கிரமும் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு டெய்லர். மில்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் இவர் வாசலில் வந்து தேங்கிய நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது, அதற்கு முன்பும் கிடையாது என்பது வேறு விஷயம். அந்த ஆளைப் பற்றி மனைவி எப்போது பேச்செடுத்தாலும் புறங்கையைக் காட்டுவார்.

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணி தினமும் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டு விசாரிப்பாங்க. ‘உங்க முட்டிவலி எப்படி இருக்குன்னு அவர் கேட்டாரு, தண்ணி தேங்கினா தேங்கட்டும், நீங்க குனிஞ்சு கூட்டாதீங்கன்னு சொன்னாரு’ம்பாங்க. அண்ணன் முகத்துலதான் கடுகடுப்பு. மனசு தங்கம். அதனாலதான் நான் தினமும் அவரப் பாத்துக் கை ஆட்டறது.”

மில்காரர் ஆடிப்போனார். அந்தக் கையாட்டலைக் கேலி என்று நினைத்து அவர் பல வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முட்டிவலியா? அந்த ஆளுக்கு முட்டி இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து மருமகள் எழுந்தாள். “கல்யாணமாகி வந்து நான் மொதல்ல சமைச்சது கத்தரிக்காய். மாமா ஒரு வாய் வச்சிட்டுத் தட்டத் தள்ளிட்டாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டிருந்தேன். அத்தை ஓடி வந்து, ‘அசடே, உங்க மாமாவுக்கு இன்னொரு கரண்டி வேணுமாம், புதுப்பொண்ணுகிட்ட கேக்கக் கூச்சப்படறாரு, கத்தரிக்காய்னா அவருக்கு உசுரு’ன்னாங்க. அன்னைலேர்ந்து நான் மாமாவுக்கு எப்பவும் இன்னொரு கரண்டி.”

மில்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. கத்தரிக்காய் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டும். அந்தக் கொழகொழப்பை நினைத்தாலே தோள் சிலிர்க்கும். அன்றைக்கு மனைவி இவரிடம் வந்து சொன்னதே வேறு. “சின்னப் பொண்ணுங்க, ஆசையா செஞ்சிருக்கா, தட்டாம சாப்பிடுங்க, இல்லன்னா அழுதுடுவா.” ஒரு நாள் கூத்து என்று நினைத்து விழுங்கினார். அது வாரம் மூன்று நாள் வந்தது, வருடக்கணக்காக வந்தது. இந்தப் பக்கம் ஒரு புளுகு, அந்தப் பக்கம் ஒரு புளுகு, நடுவில் இவர் வாய்க்குள் கத்தரிக்காய். அடிப்பாவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு மகன். மில்லை எடுத்து நடத்துவான் என்று அவர் எதிர்பார்த்த பிள்ளை, மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிற கடை வைத்திருந்தான். அந்தக் கடைப் பக்கம் மில்காரர் தலைவைத்தும் படுத்ததில்லை.

“கடை வைக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வெளியே நின்னேன்,” என்றான் மகன். “வீட்ட விட்டுப் போகச் சொல்வாருன்னுதான் நினைச்சேன். அம்மா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. ‘அப்பா சொன்னாரு, ரெண்டு பேர் தொழிலும் ஒண்ணுதானாம். கட்டி தட்டாம நைஸா இருக்கணும், அத மட்டும் பாத்துக்கச் சொன்னாரு’ன்னாங்க. அப்புறம், ‘உனக்குக் குடுக்கச் சொன்னாரு’ன்னு அவங்க நிலைக்கண்ணாடிய வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. இன்னைக்கும் கடைக்கு நடுவுல அதுதான் இருக்கு. வர்றவங்ககிட்டெல்லாம் எங்கப்பா குடுத்ததுன்னுதான் சொல்வேன்.”

நிலைக்கண்ணாடி. கல்யாணமான புதிதில் மில்காரர் தன் கையால் சுமந்துவந்து அவளுக்குக் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி. துடைக்கும்போது விழுந்து உடைந்துவிட்டது என்று அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாளே. அதை நம்பி, இத்தனை வருடமாக ஜன்னல் கம்பியில் செருகிய உள்ளங்கை அகலத் துண்டுக் கண்ணாடியில் ஒரு கன்னம் தெரிந்தால் மறு கன்னம் தெரியாமல் சவரம் செய்து, தாடையெல்லாம் கீறிக்கொண்டு நிற்கிறார் மனிதர். மகன் கடை வைக்கிற சேதியை அவள் வந்து சொன்ன அன்றைக்கு அவர் உண்மையில் சொன்னது என்ன தெரியுமா? அவர் வாழ்நாளில் பேசிய சில முழு வாக்கியங்களில் அது ஒன்று. “நான் அரைச்ச மாவத் தின்னு வளந்தவன், ஊரார் மூஞ்சியில மாவு பூசப் போறானா.” அந்த மாவை எடுத்து அவள் எப்படிப் பிசைந்திருக்கிறாள் பாருங்கள்.

மகன் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்தான். “அம்மா போனதுலேர்ந்து நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசலப்பா. என்னைப் பிடிக்கலையோன்னு தோணுது. வேற வீடு பாக்கலாம்னு கூட நினைச்சோம். அப்புறம் அன்னைக்கு நீங்க சொல்லி அனுப்பினது ஞாபகம் வரும். அது ஒண்ணுதான் என்னை இங்க பிடிச்சு வச்சிருக்கு.”

மில்காரருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தராசு முள் நடுவில் நிற்காமல் ஒரு பையைக்கூட யாரிடமும் கொடுக்காதவர் அவர். அவர் பெயரில் இவ்வளவு கலப்படச் சரக்கு தெரு முழுக்க ஓடியிருக்கிறது. என் முறை வரட்டும், ஒன்றையும் நான் சொல்லவில்லை, எல்லாம் இவள் கட்டிவிட்ட கதை என்று போட்டு உடைக்கிறேன் என்று கறுவிக்கொண்டார். உடைத்தால் மகன் நாளைக்கே வீடு பார்த்துவிடுவான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் பொய்யை எப்படித் தன் சொல்லாக ஏற்றுக்கொள்வது?

மகள் எழுந்தாள். அவளுக்கு அப்பா மேல் ஒரு பழைய ஆத்திரம் உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

“நான் போன் பண்ணும்போதெல்லாம் அம்மாவத் திட்டுவேன். ‘ஒரு வார்த்தை பேசாத மனுஷனோட எப்படிம்மா குப்பை கொட்டறே, உனக்கு அலுக்கலையா’ம்பேன். அம்மா குரலைத் தாழ்த்திக்குவாங்க. அம்மா குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அப்ப மட்டும்தான். ‘உனக்கென்னடி தெரியும். என்கிட்ட பேசுவாரு. நாள் பூரா மில்லு சத்தத்துல கிடந்துட்டு, தெருமுனை திரும்பறப்ப உன் குரல் கேட்டாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு நேத்துக்கூட சொன்னாரு’ம்பாங்க. சொல்லிட்டு வெக்கப்பட்டுச் சிரிப்பாங்க. அதனாலதான் நான் உங்கமேல பாதி கோவத்தோட விட்டேன்ப்பா.”

மில்காரர் அதைச் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை, என்றைக்குமே சொல்லவில்லை.

ஆனால் நினைத்ததுண்டு. தினமும் நினைத்ததுண்டு. மில்லைப் பூட்டிவிட்டுக் காதுக்குள் இரைச்சலோடு நடந்து வருவார். தெருமுனையில் அவள் யாரையோ விரட்டுகிற சத்தமோ, யாருக்கோ யோசனை சொல்கிற சத்தமோ காதில் விழும். அப்போதுதான் தோள் இறங்கும். இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? டெய்லருக்குச் சொன்னது டெய்லருக்காக, மருமகளிடம் சொன்னது மருமகளுக்காக, மகனிடம் சொன்னது மகனுக்காக. இது ஒன்றுதான் அவள் தனக்காகச் சொல்லிக்கொண்டது. தனக்கு வேண்டியிருந்த அந்த ஒரு வார்த்தையை அவளே சமைத்து, அவளே பரிமாறி, அவளே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சொன்னீங்களாப்பா?” என்றாள் மகள்.

அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகை பார்த்த “நல்லவ” தொண்டையில் எங்கோ இருந்தது, வரவில்லை.

“சொன்னேன்,” என்றார்.

நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

“அவ என்னென்ன சொன்னாளோ, எல்லாம் நான் சொன்னதுதான்.” மகன் பக்கம் திரும்பினார். “கண்ணாடியும் நான் குடுத்ததுதான். நாளைக்குக் கடைக்கு வரேன். அதுல பாத்து எனக்கு ஒரு தடவை சவரம் பண்ணிவிடு.”

மகன் தலையை ஆட்டினான். அவனுக்கும் பேச்சு வரவில்லை, அப்பன் புத்தி எங்கே போகும்.

உட்காரப் போனவர் எதிரில் டெய்லரைப் பார்த்தார். எல்லாம் நான் சொன்னதுதான் என்று ஒப்புக்கொண்டாயிற்று, இனி முட்டியை மட்டும் விட்டுவிட முடியுமா? “முட்டிவலி எப்படி இருக்கு?” என்று கேட்டார். கேட்டது தப்பாகப் போயிற்று. டெய்லர் இடது முட்டியில் ஆரம்பித்து வலது முட்டிக்கு வந்து சேர்வதற்குள் சாப்பாடு தயாராகிவிட்டது.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருமகள் நேராக மாமாவிடம் வந்தாள். சட்டி நிறையக் கத்தரிக்காய், மாமாவுக்காகவே செய்தது. ஒரு கரண்டி வைத்தாள். மில்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். தோள் சிலிர்த்தது. அடுத்த கரண்டி அவர் தட்டுக்கு மேலே நின்றது.

“ம்,” என்றார் பழக்கத்தில்.

மருமகள் விழித்தாள். வேண்டுமென்கிற ‘ம்’மா, போதுமென்கிற ‘ம்’மா? அவள் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மகனும் பார்த்தான், மகளும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கே நின்று, “அவர் என்ன சொல்றாருன்னா” என்று ஆரம்பிப்பவள் இல்லை. மில்காரரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி அவர் சட்டையை இழுத்தது.

“தாத்தா, ம்னா என்ன?”

மில்காரர் வாசலிலிருந்து கண்ணை எடுத்து மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னொரு கரண்டி போடும்மா,” என்றார். குரல் கரகரத்தது. “நாளைக்கும் நீதான் போடணும். வேற வீடெல்லாம் வேணாம். யாரும் எங்கயும் போயிடாதீங்க.”

மருமகள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் இரண்டு கரண்டி போட்டாள்.