ரெண்டும் சரி

ஒன்பதாவது அம்மீட்டரும் செத்திருந்தது. லேப் அக்கா சுவிட்சைப் போட்டதும் முள் பாதி தூரம் ஓடி, வந்த வேலையை மறந்தவனைப் போல அங்கேயே நின்றது. நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு தட்டு, இன்னும் கொஞ்சம். தட்டத் தட்ட வேறு வேறு அளவு காட்டும் இந்தச் சாமானை நம்பித்தான் நாளைக் காலை பிள்ளைகள் இயற்பியல் செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். இருபது மேசை. உருப்படியான மீட்டர் பதினொன்று.

பத்தொன்பது வருடமாக அந்த ஆய்வகத்தில் உதவியாளர் அவள். கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, மேசை துடைப்பது எல்லாம் அவள் வேலை. யார் மேசைக்கு நல்ல மீட்டர், யார் மேசைக்குச் செத்த மீட்டர் என்று பங்கு பிரிப்பதும் ஒவ்வொரு வருடமும் அவள் தலையில்தான் விழும். தேர்வுக்கு முந்தின நாள் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்ப்பார்கள். "நாலாம் நம்பர் நம்ம பொண்ணு, கொஞ்சம் பாத்துக்கங்க." அவளும் பார்த்துக்கொள்வாள்.

மீதிப் பிள்ளைகளுக்கு வேல்யூ சார் இருந்தார். இயற்பியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வருடம் முழுக்க ஒரு சோதனையையும் அவர் முழுதாகச் செய்ய விட்டதில்லை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாள் கொடுப்பார். அதில் அம்மீட்டர் என்ன காட்டும், வோல்ட்மீட்டர் என்ன காட்டும், விடை எத்தனை ஓம், எல்லாம் அச்சடித்திருக்கும். ஐந்து ஓம். அந்த ஐந்து ஓம் கம்பிச்சுருள் எரிந்துபோய் மூன்று வருடமாகிறது. பதிலுக்கு வந்த சுருள்களை மாட்டியவளே அவள்தான். அவை ஆறரை ஓம். சுருள் மாறியது, தாள் மாறவில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் டீ, பிஸ்கட்டோடு அதே தாளின் ஒரு நகல் போகும். அவர் அதை வைத்துத்தான் திருத்துவார். ஆக, யாருக்கும் முள் தேவைப்படவில்லை.

போன வருடம் ஒருத்திக்குத் தேவைப்பட்டது. நாலு வார்த்தைக்கு மேல் பேசாததால் பிள்ளைகள் அவளுக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். தாள் கொடுத்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். தேர்வில் முள் காட்டியதை அப்படியே எழுதினாள். முள் ஒட்டிக்கொண்ட மீட்டர் அது. மதிப்பெண் போய், ஒரு வருடமும் போயிற்று. அந்த மேசையில் முதலில் நல்ல மீட்டர்தான் இருந்தது. தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு பிரின்சிபாலின் தம்பி மகன் மேசைக்கு அதை எடுத்து வைத்துவிட்டு, அவனுடைய செத்த மீட்டரைக் கொண்டுபோய்த் தந்தியின் மேசையில் வைத்தது லேப் அக்காவின் கைகள்.

நாளைக்குத் தந்தி மறுபடி வருகிறாள். பட்டியலின் கடைசியில், வேறு வரிசை எண்ணோடு இருந்தது அவள் பெயர். இப்போது பள்ளியில் இல்லாதவளுக்கு யார் தாள் கொடுக்கப்போகிறார்கள்?

மீட்டர்களை அப்படியே போட்டுவிட்டு லேப் அக்கா பிரின்சிபால் அறைக்குப் போனாள். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருபது புதுப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அம்மீட்டர், ஒரு வோல்ட்மீட்டர். வந்து நாலு மாதம். ஒட்டிய நாடா ஒன்றுகூடப் பிரியவில்லை.

"ஒன்பது மீட்டர் வேலை செய்யல சார். அலமாரில இருக்கறத எடுத்துக்கட்டுமா?"

பிரின்சிபால் மேசை மேலிருந்த குண்டூசி டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்துப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. பிரிக்காம இருந்தாத்தான் போட்டோல பளிச்சுனு தெரியும்."

"பிள்ளைங்களுக்குத்தானே சார் வந்துச்சு?"

"யாரு இல்லேன்னா? பிள்ளைங்களுக்குத்தான். எங்க ஓடிடப்போகுது, பொறுமையா குடுப்போம். பழசு தட்டினா ஓடுதுல்ல? தட்டி ஓட்டுங்க."

ஊசி முனையில் வந்ததைப் பார்த்துவிட்டு, அதை மேசை விளிம்பில் துடைத்து, ஊசியைத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே போட்டார். நாளைக்கு விடைத்தாள்களைச் சேர்த்துக் குத்துவதற்கு அதே டப்பாதான் ஆய்வகத்துக்கு வரும்.

வீட்டில் மகள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வேல்யூ சாரின் தாளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாளைக்குத்தான் தேர்வு, ஆறாம் மேசை. "பாயிண்ட் டூவுக்கு ஒண்ணு, பாயிண்ட் ஃபோருக்கு ரெண்டு..."

"அப்ப முள்ளப் பாக்கவே மாட்டியா?"

"முள்ளப் பாத்தா ஃபெயிலும்மா. போன வருஷம் அந்த தந்தி அக்கா பாத்துச்சே, என்னாச்சு?" மகள் சிரித்தாள். கெட்ட பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ஓடிப்போய்த் தூக்குகிறவள். அந்தச் சிரிப்பில் வெட்கம் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. "நீ எனக்கு நல்ல மீட்டரா வச்சிரும்மா, போதும்" என்றாள் மகள். நல்ல மீட்டர் எதற்கு என்று கேட்க நினைத்தவள், கேட்காமல் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அதே பாத்திரத்தை இரண்டு முறை தேய்த்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பிரின்சிபால் அறையைப் பெருக்கினாள். அதுவும் அவள் வேலைதான் என்பதால் அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று தெரியும். இருபது பெட்டிகளையும் நாலு நடையாக ஆய்வகத்துக்குத் தூக்கினாள். நாடாக்களைக் கிழித்தாள். ஒவ்வொன்றாக மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். முள் எழுந்தது, போனது, ஒரு இடத்தில் நின்றது. தட்டினாள். அசையவில்லை. இருபதும் அப்படித்தான். இந்த ஆய்வகத்தில் யாரையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டாத முதல் தேர்வு இது என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தேர்வாளர் வந்தார். தொந்தியும் நல்ல குரலும் உள்ள மனிதர். பிரின்சிபாலும் வேல்யூ சாரும் கூட வந்தார்கள். வாசலிலேயே நின்று, "பரவாயில்லையே, எல்லாம் புத்தம் புதுசா வாங்கி வச்சிருக்கீங்க!" என்றார் தேர்வாளர். பிரின்சிபால் மேசைகளைப் பார்த்தார், லேப் அக்காவைப் பார்த்தார், பிறகு வாய் நிறையச் சிரித்தார். "பிள்ளைங்க விஷயத்துல நாங்க கஞ்சத்தனம் பாக்கறதில்ல சார்." சிரித்த முகத்தோடே அவளைக் கடந்து போகும்போது, "மத்தியான பேட்ச்சுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் பெட்டிக்குள்ள இருக்கணும்" என்று பல்லுக்குள் சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். லேப் அக்கா சுவரோரம் நின்று பார்த்தாள். பாதிப் பேர் சுவிட்சைக்கூடத் தொடவில்லை. தொட்டவர்களும் தேர்வாளர் தலை திரும்பும்போது மட்டும் மீட்டரின் பக்கம் குனிந்து, கண்ணைச் சுருக்கி, தலையாட்டி, பிறகு மனப்பாடம் செய்ததை எழுதினார்கள். புத்தம்புது முட்கள் ஒன்றைக் காட்ட, பேனாக்கள் வேறொன்றை எழுதின. மகள் எல்லாரையும்விட அழகாக நடித்தாள். முள்ளை ஒரு பக்கமிருந்து பார்த்தாள், மறுபக்கமிருந்து பார்த்தாள், உதட்டைக் கடித்து யோசித்தாள், எழுதினாள்: ஐந்து ஓம்.

கடைசி மேசையில் தந்தி மட்டும் சோதனை செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு அளவையும் இரண்டு தரம் எடுத்தாள். ஒரு கம்பியைக் கழற்றி முனையைத் தேய்த்து மறுபடி மாட்டினாள். நெற்றி வியர்த்திருந்தது.

திருத்தும்போது தேர்வாளர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே தாள்களைப் புரட்டினார். டிக், டிக், டிக். கடைசித் தாளில் பேனா நின்றது. "எல்லாரும் அஞ்சு ஓம். இந்தப் பொண்ணு மட்டும் ஆறரைன்னு எழுதியிருக்கு?"

"அது பழைய அரியர் சார்" என்றார் வேல்யூ சார். "மக்கு. போன வருஷமும் இதே கதைதான்."

தேர்வாளர் பெருக்கல் குறியின் முதல் கோட்டை இழுத்தார்.

"சார்" என்றாள் லேப் அக்கா. பத்தொன்பது வருடத்தில் ஒரு தேர்வாளரிடம் அவள் பேசியது தண்ணீர் வேண்டுமா என்பது மட்டும்தான். "எந்த மேசைல வேணாலும் சுவிட்சப் போட்டுப் பாருங்க சார். ஆறரைதான் வரும். சுருள மாட்டினதே நான்தான்."

வேல்யூ சாரின் முகம் வெளுத்தது. தேர்வாளர் எழுந்து பக்கத்து மேசைக்குப் போனார். சுவிட்சைப் போட்டு, குனிந்து பார்த்து, விரலால் காற்றில் வகுத்துப் பார்த்தார். அதற்கடுத்த மேசையிலும் பார்த்தார். இனி எல்லாம் வெடிக்கப்போகிறது என்று அவள் நினைத்தாள். மகள் தாளும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. அது தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

தேர்வாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இழுத்த கோட்டை வளைத்து டிக் ஆக்கினார். முழு மதிப்பெண் போட்டார்.

"அப்ப மத்ததெல்லாம் சார்?" என்றார் வேல்யூ சார்.

"அதுவும் இருக்கட்டும். ரெண்டும் சரின்னு வச்சுக்கலாம். எதுக்குப் பிள்ளைங்க வாழ்க்கையில விளையாடணும்?" மீதி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துப் பெருந்தன்மையோடு சிரித்தார். "சந்தோஷம்தானேம்மா?" பிரின்சிபால் அறையிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து ஒரு குண்டூசியை எடுத்து எல்லாத் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தினார்.

அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "எல்லாருக்கும் ஃபுல்லாம்மா! சார் சொன்னாரு!" லேப் அக்கா கையை உருவிக்கொண்டாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நொடி முகம் வாடி, பிறகு தோழிகளிடம் ஓடினாள்.

குழாயடியில் தந்தி குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். தாமிரக் கம்பியைத் தேய்த்தால் விரலில் பச்சையாக ஒரு வாடை ஏறும், சீக்கிரம் போகாது.

"உனக்கு ஃபுல் மார்க்" என்றாள் லேப் அக்கா.

"ம்."

"போன வருஷம் உன் மேசைல இருந்தது கெட்டுப்போன மீட்டரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

தந்தி திரும்பவில்லை. திட்டுவாள், அழுவாள், ஏன் என்றாவது கேட்பாள் என்று காத்திருந்தாள். உள்ளேயிருந்து மீட்டர்களைப் பெட்டிக்குள் திணிக்கும் சத்தம் வந்தது. தெர்மகோல் உரசி உரசிப் பல் கூசியது. படியேறி வந்த மத்தியானக் கூட்டம் கையில் தாள்களோடு முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தது. யாரோ லேப் அக்காவின் கையில் பட்டியலைத் திணித்தார்கள். அவள் எண்களைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தலை நகர, அந்த இடைவெளியில் குழாயடி தெரிந்தது. தந்தி இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக.